எதை எடுத்துச் செல்வது? எதை விட்டுச் செல்வது?

கோடை விடுமுறை தொடங்கும் காலத்தில் இலண்டன், பரிஸ், சூரிச், ரொறன்ரோ விமான நிலையங்களில் எம்மவர்களின் வரிசையை எவரும் எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். நிறுவைத் தட்டுக்கு முன்னே பெட்டிகள் திறந்து கிடக்கும். ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் சொக்கிளேற் பொதிகளும் சவர்க்காரக் கட்டிகளும் இடம் மாறிக்கொண்டிருக்கும். ஆடி மாத வெக்கையிலும் குடும்பத் தலைவர் இரண்டு மேலங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து வியர்த்து நிற்பார். பெட்டியில் இடமில்லாதது உடம்பில் ஏறிவிட்டது என்பதே அதன் பொருள். வீட்டிலே மூன்று தடவை நிறுத்துப் பார்த்த பெட்டி இங்கே எப்படி இரண்டு கிலோ கூடிற்று என்ற விவாதம் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே தாழ்ந்த குரலில் நடைபெறும்.

இதனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை விளங்கிக் கொள்ளாமல் 'சுமையைக் குறையுங்கள், எளிமையாக வாழுங்கள்' என்று அகதிக் குடும்பங்களுக்கு அறிவுரை கூறுவது பொருத்தமாகாது.

பெட்டியின் கதை

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலியன தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மின்சாரம் நின்றுபோயிற்று. யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்ட விளக்கொளியிலே பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். சவர்க்காரமும் அரும்பொருளாயிற்று. அக்காலத்திலே வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பொதி, கிளாலிக் கடலேரியை இரவிலே படகில் கடந்து வீடு சேர்ந்ததாயின், அதனுள் இருந்த சவர்க்காரக் கட்டிக்குப் பெறுமதி கூற இயலாது. 'எங்களை மறக்கவில்லை' என்ற செய்தியும் அப்பொதிக்குள் இருந்தது.

தடை நீங்கி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 2009 இல் போர் முடிவுற்றது. 2013 இல் யாழ்ப்பாண நகரிலே காகில்ஸ் சதுக்கம் என்ற பல்மாடி வணிக வளாகம் திறக்கப்பட்டது. நாம் ஐரோப்பாவில் வாங்கிக் கட்டிச் செல்லும் பொருட்களிற் பலவற்றை இன்று அங்குள்ள கடைகளிலேயே வாங்கலாம். ஆயினும் பெட்டியின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. தேவை போய்விட்டது, வழக்கம் நின்றுவிட்டது. தேவையின் இடத்தைக் கௌரவம் பிடித்துக் கொண்டது. பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்ததைச் சின்னம்மா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். அயலட்டையை விடவும் முடியாது. இவ்வாறு நிரம்பும் பெட்டிக்காக மாதக்கணக்கிற் கடனட்டை கட்டுவோர் எம்மிடையே உள்ளனர். 'பெட்டிக்குக் காசில்லை, அடுத்த வருடம் பார்ப்போம்' என்று முதிய தாயைப் பார்க்கும் பயணத்தையே பின்போடுவோரும் உள்ளனர். தாய்க்கு வேண்டியது பெட்டியா, பிள்ளையா என்பதை நாம் ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும்.

ஊருக்கே செல்ல முடியாதோரின் நிலை இன்னும் கடினமானது. 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் ஏற்கப்பட்ட அகதி, தான் தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடினால் அகதித் தகுதியை இழக்க நேரிடலாம். ஆகவே அத்தகையோர் பெற்றோரைத் தமிழகத்திலோ வேறு நாட்டிலோ சில நாட்களுக்குச் சந்திக்கின்றனர். பத்து நாட்களிலே பத்து ஆண்டுகளைப் பேசி முடிக்க வேண்டிய அச்சந்திப்பின் பாதி நேரம் கடைத்தெருவிற் கழிந்து விடுவதும் உண்டு.

ஒக்ரோபர் 30

எமது மக்களுக்குச் சுமை குறைத்துப் பயணிப்பது புதிய கலை அன்று. அது எம்மீது பலமுறை திணிக்கப்பட்டது. ஒக்ரோபர் 30 என்ற ஒரே நாளை எடுத்து நோக்கினாலே போதும்.

1964 ஒக்ரோபர் 30 இல் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மலையகத் தமிழர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் எதிர்காலம் அவர்களைக் கேளாமலேயே பங்கிடப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு எனவும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கு எனவும் எழுதப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமுறைகளாகத் தேயிலை மலையில் வாழ்ந்தோர், ஒரு ரங்குப் பெட்டியும் சில பாத்திரங்களும் துணி மூட்டையுமாகத் தலைமன்னாரிற் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். தாய் தந்தையரைப் புதைத்த மண்ணை எப்பெட்டியிலும் வைக்க முடியவில்லை.

1990 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்திலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். உடுத்த உடையும் சில நூறு ரூபாவுமே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டன. தையல் இயந்திரமும் கடைச் சாமான்களும் நகைகளும் பின்னே நின்றுவிட்டன. எமது இழப்புகளை எழுதும் நாம் இதனையும் சேர்த்தே எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்களை உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இராணுவத்தின் 'ரிவிரெச' நடவடிக்கை யாழ் நகரை நெருங்கிக் கொண்டிருந்த வேளை அது. ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் எனப் பொதுவாகக் கூறப்படும் பெருந்திரள், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கொட்டும் மழையில் ஓர் இரவிலே கடந்தது. அடி அடியாக நகர்ந்த அவ்வரிசையில் துவிச்சக்கர வண்டியின் கைபிடியிலும் பின்னிருக்கையிலும் உரப்பைகள் தொங்கின. நேரம் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாக வீதியோரத்திற் கைவிடப்பட்டன. முதலில் பாத்திரம், பிறகு உடுப்பு, பிறகு அரிசி. கடைசிவரை கையில் இருந்தவை எவை என்று அப்பயணத்தில் நடந்தோரைக் கேட்டுப் பாருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, தாலிக்கொடி, ஒரு புகைப்படத் தொகுப்பு என்று ஏறக்குறைய ஒரே பட்டியலையே பலரும் சொல்வர்.

2008 இலும் 2009 இலும் வன்னி மக்கள் பட்ட பாடு இதனினும் கொடியது. ஆரம்பத்திலே உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகடு, கதவு, யன்னல், தையல் இயந்திரம் யாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சியை விட்டுக் கிழக்கே நகர்ந்தனர். ஒவ்வொரு இடப்பெயர்வின் போதும் ஏதோ ஒன்று விடப்பட்டது. முள்ளிவாய்க்காலைக் கடந்து வட்டுவாகற் பாலத்தை அடைந்தபோது பலரிடம் உடுத்த உடையைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. உடன் புறப்பட்ட உறவுகளும் பலருக்கு இருக்கவில்லை.

இழந்தவர்கள் ஏன் சேர்க்கின்றார்கள்?

இந்தப் பின்னணியிலே எமது வீடுகளை நோக்குங்கள். ஐஸ்கிறீம் டப்பாக்கள் அடுக்கடுக்காகக் கழுவி வைக்கப்பட்டிருக்கும். கடைப் பைகளுக்குள்ளே கடைப் பைகள் திணிக்கப்பட்டிருக்கும். நிலவறையிலே உடைந்த கதிரை, பழைய தொலைக்காட்சிப் பெட்டி, பிள்ளைகளின் சிறுவயதுக் குளிரங்கி யாவும் குவிந்திருக்கும். 'வீசினால் நாளைக்குத் தேவைப்படும்' என்பார் அம்மா. இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதனைக் கண்டு எரிச்சல் அடைகின்றனர்.

அப்பிள்ளைகள் ஒன்றை அறிதல் வேண்டும். நாளைக்குக் கடை திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவருக்கே எறிவது எளிது. ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டு நடந்தவருக்கு ஒரு வெறும் டப்பாவும் ஒரு காப்பீடாகவே தோன்றும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்த எமது இளைஞர்கள் ஓர் அறையில் எட்டுப் பேராக முறைவைத்து உறங்கினர். ஜேர்மனியில் 'ஸ்பெர்முல்' எனப்படும் பெரும்பொருட் கழிவு நாளிலே வீதியோரத்தில் வைக்கப்பட்ட மெத்தையும் மேசையுமே அவர்களின் முதல் தளபாடங்கள். சுவிஸிலே பழைய பொருட்கள் விற்கும் 'புரொக்கன்ஹவுஸ்', பிரான்சிலே 1949 இல் அருட்தந்தை பியேர் தொடக்கி வைத்த எம்மாவுஸ் நிலையங்கள், பிரித்தானியாவிலே ஒக்ஸ்பாம் கடைகள் ஆகியன பல குடும்பங்களுக்கு முதற் குளிரங்கியைக் கொடுத்தன. பிறர் எறிந்ததில் வாழ்வைத் தொடங்கியவர் எதையும் எறியத் தயங்குவதில் வியப்பில்லை.

ஆயினும் இழப்பின் அச்சம் ஒரு கட்டத்திற்குப் பின்னர் தானே ஒரு சுமையாகி விடுகின்றது. அதன் வாடகையை நாம் ஒவ்வொரு மாதமும் செலுத்துகின்றோம். சிலர் வீட்டில் இடம் போதாமல் வெளியே களஞ்சிய அறை எடுத்துப் பணம் கட்டுகின்றனர்.

வறுமை வேறு, எளிமை வேறு

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 இல் வால்டன் குளக்கரையில் ஒரு சிறு குடிலைத் தானே அமைத்து இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் வாழ்ந்தார். அக்குடிலுக்குச் செலவான தொகை 28 டொலர் 12½ சதம் எனக் கணக்கும் எழுதி வைத்தார். எளிய வாழ்வைப் போற்றுவோர் இன்றும் அவரை எடுத்துக் காட்டுவர். ஆனால் அவருடைய ஊரும் குடும்பமும் ஏறத்தாழ ஒன்றரை மைல் தூரத்திலேயே இருந்தன. வேண்டியபோது திரும்பிப் போகலாம். எமது மரபிலே காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரான பட்டினத்தார், காதறுந்த ஊசி ஒன்றைக் கண்டு செல்வம் அனைத்தையும் துறந்தார் என்பது கதை. அவருக்கும் துறப்பதற்குச் செல்வம் இருந்தது. துறக்கும் உரிமையும் இருந்தது.

அகதி முகாமில் ஒரு கட்டிலையும் ஓர் அலுமாரியின் பாதியையும் மட்டுமே உடைய குடும்பத்தைப் பார்த்து எளிமையின் சிறப்பை எடுத்துரைப்பது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது வதிவிட உரிமை, வேலை, பூட்டக்கூடிய ஒரு கதவு. இக்கட்டுரை கூற முற்படும் எளிமை, ஓரளவு நிலைபெற்ற பின்னர் நாமாகத் தெரிந்தெடுப்பது. 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்று எமது பாட்டன்மார் சொன்னதும் அதுவே.

பயணப் பொதி: சில நடைமுறைகள்

ஊர் செல்வோர் கவனத்திற் கொள்ள வேண்டிய சில விடயங்களை இங்கே தருகின்றோம்.

பல விமான நிறுவனங்கள் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவுக்கு மேற்படுவதை ஏற்பதில்லை. பெட்டி தூக்கும் தொழிலாளரின் முதுகைக் காப்பதற்கான எல்லை அது. மொத்த அனுமதி எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பயணச் சீட்டிலே குறிக்கப்பட்டுள்ளதை வாசித்த பின்னரே வாங்கத் தொடங்குங்கள். வெறும் பெட்டியே ஐந்து கிலோ நிறையுடையதாயின் ஐந்து கிலோவுக்கான இடத்தைப் புறப்படும் முன்னரே இழந்துவிட்டீர்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் மேலதிக மின்கலங்களைக் கைப்பையிலேயே கொண்டு செல்ல வேண்டும். கீழே அனுப்பும் பெட்டியில் அவற்றை வைத்தல் ஆகாது.

திரும்பி வரும்போது கூடுதல் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து இறைச்சி வகைகளையும் பாற்பொருட்களையும் பயணிகள் கொண்டுவர முடியாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும் இத்தடைக்குள் அடங்கும். கருவாட்டுக்கு இடமுண்டு. மீன் வகைகளை ஒருவர் 20 கிலோ வரை கொண்டு வரலாம். 2019 மார்கழி 14 முதல் பழங்கள், காய்கறிகள், இலைவகைகள் ஆகியவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டூரியன் என்ற ஐந்துக்கு மட்டுமே விலக்கு. ஆகவே கறிவேப்பிலைக் கட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் சான்றிதழின்றி வந்தால் விமான நிலையத்திலேயே பறிக்கப்படலாம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உணவுப் பொருள் எதனையும் படிவத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவித்தால் பொருள் மட்டுமே போகும். மறைத்தால் தண்டப் பணமும் போகும்.

பெட்டி தாமதமானாலோ சேதமுற்றாலோ விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னரே முறையிடுங்கள். 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கையளிக்கப்பட்டதிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிட வேண்டும். நட்டஈட்டுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. எனவே நகையையும் மூல ஆவணங்களையும் ஒருபோதும் கீழே அனுப்பும் பெட்டியில் வைக்காதீர்கள்.

உறவினருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு யோசனை. இங்கிருந்து சுமப்பதற்குச் செலவாகும் பணத்தில் அங்கேயே, அவர்களையும் உடன் அழைத்துச் சென்று, அவர்கள் விரும்புவதை வாங்கிக் கொடுக்கலாம். ஊர்க் கடைக்காரருக்கும் அதனால் வருமானம் கிடைக்கும். ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவை ஓராண்டுக்கு ஏற்பது பத்துப் பெட்டிச் சொக்கிளேற்றை விட நெடுநாள் நிற்கும்.

ஆவணப் பை

புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளோர் குறுகிய அறிவித்தலில் ஒரு நகரிலிருந்து மறு நகருக்கு மாற்றப்படுவது இன்றும் நிகழ்கின்றது. ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரே ஒரு பை எப்போதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, வதிவிட அனுமதி, வழக்கறிஞரின் கடிதங்கள், நேர்காணற் பிரதிகள், மருத்துவ அறிக்கைகள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பாடசாலைச் சான்றிதழ்கள், ஊர்க் காணி உறுதி ஆகியன அதனுள் அடங்கும். யாவற்றையும் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலிலும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் சேமித்து வையுங்கள். மூலப் பிரதியை எந்த அலுவலகத்துக்குக் கையளித்தாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வழக்கிலே இப்பையின் பெறுமதி வீட்டிலுள்ள தளபாடங்கள் அனைத்தையும் மிஞ்சக்கூடும்.

பொதுவில் வைத்தல்

எமது ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் நூறு பேருக்குச் சமைக்கும் கிடாரம் இருந்ததில்லை. கோயிலில் இருந்தது. சனசமூக நிலையத்திலே பெற்றோல்மாக்ஸ் விளக்கும் கதிரைகளும் இருந்தன. கலியாணமோ அந்தியேட்டியோ வந்தால் எடுத்துச் சென்று, கழுவித் திருப்பிக் கொடுப்பர். பத்திரிகையையும் பத்துப் பேர் ஒரே மேசையில் இருந்து வாசித்தனர். வறுமை மட்டும் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. பொதுவில் வைத்தல் ஓர் ஒழுங்காகவே இருந்தது.

இங்கே அவ்வொழுங்கைக் கைவிட்டோம். ஒரு மாலை நேரச் சாமத்தியச் சடங்குக்காக ஒரு குடும்பம் பல மாத உழைப்பைச் செலவிடுகின்றது. மண்டபம், மேடை அலங்காரம், படப்பிடிப்பு என ஒவ்வொன்றும் முந்தைய வீட்டை மிஞ்ச வேண்டியுள்ளது. சீட்டுக் காசும் வட்டிக் காசும் அதனுள் கரைகின்றன. சடங்கு வேண்டாம் என்பது எமது கருத்தன்று. அரங்கேற்ற நகைகள், நடன உடைகள், வீணை, மிருதங்கம், பெரும் பாத்திரங்கள், மேடைத் திரைகள் ஆகியவற்றைத் தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் பொதுக் களஞ்சியமாக வைத்து இரவல் கொடுத்தால் எத்தனை குடும்பங்களின் கடன் குறையும் என்று சிந்திப்போமாக. வசதி படைத்த ஒருவர் தம் வீட்டுச் சடங்கை எளிமையாக நடத்திக் காட்டினால், வசதியற்ற பத்துப் பேருக்கு அது துணிவைத் தரும். முதலடியை வசதி உள்ளவரே எடுத்து வைக்க வேண்டும்.

மூத்தோரின் பெட்டிகள்

சுவீடன் நாட்டிலே 'டொஸ்ரட்னிங்' என்றொரு வழக்கம் உண்டு. முதுமையில் ஒருவர் தம் உடைமைகளைத் தாமே ஒழுங்குபடுத்தி, வேண்டியவர்க்குக் கொடுத்து, எஞ்சியவற்றை அகற்றிவிடுவது. தமக்குப் பின் பிள்ளைகள் அல்லற்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். மார்கரெத்தா மக்னுசன் 2017 இல் எழுதிய நூலால் இவ்வழக்கம் பல நாடுகளிலும் அறியப்பட்டது. புலம்பெயர்ந்து வந்த எமது முதல் தலைமுறை இப்போது மூப்பெய்தி வருகின்றது. நிலவறைப் பெட்டிகளைத் திறக்க வேண்டிய காலமும் வந்துள்ளது.

ஆனால் அவசரப்பட்டு எறிய வேண்டாம். 1981 இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அவற்றோடு போனவற்றிற் பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. உங்கள் நிலவறையிற் கிடக்கும் பழைய சஞ்சிகை, கோயில் மலர், துண்டுப் பிரசுரம், கல்வெட்டு, எண்பதுகளின் கடிதம் ஆகியன எஞ்சியுள்ள ஒரே பிரதியாக இருக்கக்கூடும். 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து வெளியீடுகளை மின்பிரதியாக்கி எவரும் இலவசமாக வாசிக்கத் தந்து வருகின்றது. அத்தகைய முயற்சிகளுக்கு அவற்றைக் கையளித்தால் வீட்டிலே பாரம் குறையும், சமூகத்திலே சொத்துப் பெருகும். உடைந்த கதிரையை எறியலாம். எழுதிய தாளை வாசித்துப் பார்க்காமல் எறியாதீர்கள்.

பெயர் எழுதப்படாத புகைப்படம் இன்னும் இருபது ஆண்டுகளில் எவருக்கும் பயன்படாது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர் இன்று உங்கள் வீட்டில் இருக்கின்றார். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அருகில் இருத்தி, பாட்டியிடம் அத்தொகுப்பைக் கொடுங்கள். ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று எதைக் கையில் எடுத்தார், எதை விட்டு வந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அதற்கு ஒரு பென்சிலும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.